இரண்டு தட்டு வரும்வரை

நூற்றுப் பத்து மீட்டர் ஆழத்தில் நிறுத்தி வைத்த நீர்மூழ்கிக் கப்பல் நூற்று நாற்பதில் நின்றது.

சிவநந்தினி கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தாள். திரையில் அதே நூற்று நாற்பது. அவள் கணவர் தயாபரன் இறந்த அன்று, பல்லேபொல ஊரிலிருந்து ஓடி வந்த, அவரோடு கேம் ஆடும் அம்ஹர்தான் கேமைச் சேமித்துக் கம்பியூட்டரை அணைத்தான். "நூத்திப் பத்துல நிக்கிதுக்கா, அப்படியே இருக்கட்டும்" என்று அழுதுகொண்டே சொன்னான். அதற்குப் பிறகு நாற்பத்தாறு நாளாக இந்த அறையை யாரும் திறக்கவில்லை. சாவி அவளிடம்தான் இருந்தது.

மாத்தளையில் கடல் ஏது? திருகோணமலைக்கு பஸ் ஏறினால்தான் உண்டு. அங்கேயும் முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்காத மனிதர், வீட்டுக்குள் வந்தால் நீர்மூழ்கிக்குக் கேப்டன். இருபது வருடத்துக்கு முந்திய கேம் அது. கடல் பிளாஸ்டிக் விரிப்பு மாதிரி இருக்கும், மாலுமிகள் அத்தனை பேருக்கும் ஒரே மூஞ்சி. ஆனால் அவருக்கும், போனில் அவர் வைத்திருந்த குழுவின் பத்தொன்பது பேருக்கும், அதற்கு ஈடாக உலகத்தில் ஒன்றுமே கிடையாது. புதியது ஒன்று வரப்போகிறது, அதில் கப்பலுக்குள் நடக்கலாம், மாலுமிகளோடு பேசலாம் என்று ஒன்பது வருடமாகக் காத்திருந்தார்கள். ஒவ்வொரு வருடமும் தள்ளிப் போயிற்று. அடுத்த மாதம் நிச்சயம் வருகிறதாம். அதைப் பார்க்க அவர்தான் இல்லை.

காலையில் அம்ஹர் போன் எடுத்திருந்தான்.

"அக்கா, அண்ணனோட கப்பல கடலுக்கடியில விட்டுட்டு நாங்க எப்பிடி புதுசத் தொடங்குறது? மனசு கேக்க மாட்டேங்குது. நான் வந்து அதை மேல கொண்டாந்து, துறைமுகத்துல கட்டிட்டுப் போறேன்."

"வேணாம் தம்பி. என்ன அமுக்கணும்னு சொல்லுங்க. நானே கொண்டாரேன்."

அந்த ஒன்றையாவது அவருக்குச் செய்துவிட வேண்டும் என்று அவளுக்கு இருந்தது. ஏன் என்று அம்ஹருக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது.

ஒரு காலத்தில் மிளகு மூட்டை அடுக்கிய, ஜன்னல் இல்லாத அறை இது. நடுவே கூரைவரை பலகைத் தடுப்பு. வெளியே சுற்றிப் போனால் அந்தப் பக்கம் அவளுடைய நாற்காலி. நீள வயரில் ஹெட்போன் போகும். எதிரிக் கப்பல் எந்தத் திசையில் வருகிறது என்று கேட்டுச் சொல்வது அவள் வேலை. "என் காதே நீதான்" என்பார். எதிரி தலைக்கு மேலே வந்துவிட்டால் சத்தமில்லா நேரம். ஃபேனை நிறுத்த வேண்டும், போனை அணைக்க வேண்டும், குக்கர் இருந்தால் இறக்க வேண்டும். கேப்டன் பலகையில் இரண்டு தட்டு தட்டும்வரை வாய் திறக்கக் கூடாது. கல்யாணமான புதிதில் அவளுக்கு இதெல்லாம் பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. போகப் போக அவரைவிட அவள்தான் கண்டிப்பு.

அவர் இறந்த அன்று மூன்று தட்டு வந்தது. பிறகு ஐந்து. பிறகு கணக்கில்லாமல், கடைசியில் நகத்தால் பிறாண்டுவது போல. தன்னைப் பேச வைத்துத் தோற்கடிக்கப் பார்க்கிறார் என்று நினைத்து, அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இருபது நிமிடம். மாரடைப்பு என்றார் டாக்டர். கொஞ்சம் முந்திக் கொண்டுவந்திருந்தால் என்று தொடங்கியவர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். சமையலறையில் இருந்தேன் என்று ஊருக்கெல்லாம் சொன்னாள். பாவி. தன்னைப் பற்றி நினைக்கும்போது அவளுக்கு வேறு சொல் வரவில்லை.

அம்ஹர் சொன்ன விசையை அமுக்கினாள். கப்பல் மேலே வரவில்லை. நூற்று ஐம்பது என்றது திரை.

வெளியே பகல் மூன்று மணி. தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது, அறைக்குள் பழைய மிளகின் காரமும் ஈரப் பலகையின் புளிச்ச வாடையும், அவற்றுக்கு அடியில் அவர் நெஞ்சில் தேய்க்கும் தைலத்தின் வாசனையும் இன்னும் போகாமல் தங்கியிருந்தன. மறுபடி அமுக்கினாள். நூற்று அறுபது.

ஃபேன் நின்றது. கரண்ட் போகவில்லை, திரை எரிந்துகொண்டுதான் இருந்தது. மேசையில் இருந்த போன் தானாக அணைந்தது. பிறகு மழைச் சத்தம். குறையவில்லை, தூறலாகவில்லை, அப்படியே அறுந்துபோயிற்று.

தடுப்புக்கு அந்தப் பக்கம் அவளுடைய நாற்காலி கிரீச்சிட்டது. யாரோ உட்காரும் சத்தம்.

வீட்டில் அவளைத் தவிர யாரும் இல்லை. முன்கதவைத் தாழிட்டுவிட்டுத்தான் வந்திருந்தாள். எழுந்து அறைக் கதவைத் தள்ளினாள். திறந்து வைத்த கதவு மூடியிருந்தது. அசையவில்லை.

"என்னங்க?"

அந்தப் பக்கம் யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்பது தெரிந்தது.

"எனக்குக் கேட்டிச்சுங்க. நீங்க தட்டுனது எல்லாம் கேட்டிச்சு. விளையாட்டுன்னு நெனச்சிட்டேன். சத்தியமா விளையாட்டுன்னுதான்..."

சொல்லிவிட்டாள். நாற்பத்தாறு நாளாகத் தொண்டையில் நின்றதைச் சொல்லிவிட்டாள். அழுகை பீறிட்டு வந்தது. அந்தப் பக்கமிருந்து ஒரு வார்த்தை வந்தால் போதும், திட்டினால்கூடப் போதும் என்று காத்து நின்றாள்.

திரையில் நூற்று எண்பது. சுவர்கள் முனகின. காற்று குறைந்துகொண்டே வந்தது. இடது தோளிலிருந்து முழங்கைக்கு ஒரு வலி இறங்கியது. பிறகு நெஞ்சில். யாரோ ஏறி நிற்பது போல.

பலகையில் தட்டினாள். மூன்று.

"என்னங்க, முடியலங்க. கதவத் தெறங்க."

ஐந்து.

குரல் எழும்பவில்லை. தடுப்பைப் பிடித்துக்கொண்டே சரிந்தாள். விரல்கள் பலகையைப் பிறாண்டின. கண்ணுக்கு நேராக ஒரு விரிசல்.

பார்த்தாள்.

அவளுடைய நாற்காலியில் தயாபரன். காதில் ஹெட்போன். விரிசலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவளைத்தான். கழுத்துவரை கறுத்த தண்ணீர், அலையே இல்லாமல். கன்னங்களில் கண்ணீர் வழிந்தது. ஒரு கையை மெதுவாகத் தண்ணீருக்கு மேலே எடுத்தார்.

அவள் தட்டினாள். இன்னொரு தடவை. இன்னும் ஒன்று.

அவர் திருப்பித் தட்டவில்லை. குழந்தையை அமர்த்துவது போல, அத்தனை பிரியமாக, உதட்டின் மேல் விரலை வைத்தார்.