கயிறு போடுண்ணா

அண்ணனும் தம்பியும் முகம் கொடுத்துப் பேசிப் பல வருடமாகியிருந்தது. அந்தப் பகை தீரட்டும் என்றுதான் கயாக் என்னும் சிறு துடுப்புப் படகில் கிளம்பினார்கள். யோசனை தம்பியுடையது. பஸ் ஓட்டுகிறவனுக்கு ஆறும் ஒரு சாலைதான். அண்ணன் மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர். தண்ணீர் என்றாலே தொடை நடுங்கும். ஆனாலும் ஆற்றோடு ஒரு வாரம் வந்ததில், இருவரும் பழையபடி ஒருவரை ஒருவர் சீண்டிச் சிரிக்கத் தொடங்கியிருந்தார்கள்.

அன்று மதியமே வானம் கறுத்துவிட்டது. நடு ஆற்று மணல்திட்டில் அவசர அவசரமாகக் கூடாரம் அடித்தார்கள். மழை சரளைக்கல் கொட்டுவதுபோல் விழுந்தது.

"கயாக்கை இழுத்துக் கட்டிட்டு வந்துடறேன். நீ படுண்ணா" என்று தம்பி வெளியே போனான்.

கொஞ்ச நேரத்தில் ஜிப் திறந்தது. இருட்டில் உள்ளே வந்து பக்கத்தில் படுத்தான். சேற்று வாடை குப்பென்று அடித்தது.

"கட்டிட்டியா?"

"ம்."

அப்போதுதான் ஆற்றுப் பக்கமிருந்து கேட்டது.

"அண்ணா! கயிறு போடுண்ணா!"

தம்பியின் குரல்.

பதறி எழப்போனவரின் மணிக்கட்டைப் பக்கத்திலிருந்த கை பிடித்தது.

"போகாதே" என்றது கிசுகிசுப்பாக. "என் குரல்ல ஏதோ கூப்பிடுது. நான்தான் உன் பக்கத்துல இருக்கேன்ல?"

அவர் அந்தக் கையை இறுகப் பற்றிக்கொண்டார். வெளியே குரல் கெஞ்சியது. அழுதது. "பழசையெல்லாம் மனசுல வச்சுக்காதேண்ணா!" என்று கதறியது. பிறகு தேய்ந்து தேய்ந்து நின்றது.

"முடிஞ்சுது" என்றான் பக்கத்தில் இருந்தவன்.

அதில் ஒரு நிம்மதி இருந்தது.

புயல் ஓய்ந்து வெளிச்சம் வந்தபோது பக்கத்தில் யாரும் இல்லை. விரிப்பில் ஆள் நீளத்துக்குச் சேறு.

திட்டுக்குச் சற்றுத் தள்ளி, தண்ணீரில் நீட்டியிருந்த ஒரு மரவேரைப் பிடித்தபடியே தம்பி செத்துக் கிடந்தான். கை நீட்டினால் எட்டும் தூரம் இல்லைதான், கயிறு எட்டியிருக்கும். திறந்த கண்கள் கூடாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தன.

அழுது ஓய்ந்தபின், தம்பி மனைவிக்குப் போன் போட்டார். எந்த வாயால் சொல்வது?

"மாமா" என்று அவளே முந்திக்கொண்டாள், குரலைத் தாழ்த்தி. "மறுபடியும் ரெண்டு பேருக்கும் சண்டையா? இப்பதான் வந்தாரு. ஒரு வார்த்தை பேசல. நேரா உள்ள போய்க் குழந்தையைக் கட்டிப்பிடிச்சுப் படுத்துக்கிட்டாரு. எழுப்பட்டுமா?"