இந்தக் கணினியில் வேறொருவரும் இருக்கிறார்

கொக்கியில் இரண்டு தொப்பிகள் தொங்கின.

சிவப்புக் கம்பளித் தொப்பி ஆர்டிஸுடையது. உருளைக்கிழங்கு குவித்த அறைக்குள் போகிறவர்கள் மட்டும்தான் தொப்பியைக் கழற்றி அங்கே மாட்ட வேண்டும். கணக்குப் பார்க்கிறவளுக்கு அறைக்குள் என்ன வேலை? ஆனாலும் காலையில் வந்ததும் அவள் கை தானாக அங்கேதான் போகும். மற்றது பச்சைத் தொப்பி. கிழிந்த முன்விளிம்பைத் தூண்டில் நரம்பால் யாரோ தைத்திருந்தார்கள். அதிலிருந்து ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது.

கூட வேலை பார்க்கும் வர்ன் மறந்துவிட்டுப் போயிருப்பான் என்று நினைத்துக்கொண்டாள். பனிப்புயல் வருகிறதென்று மதியமே வீட்டுக்குக் கிளம்பிவிட்ட மனிதன் அவன்.

அவளுக்கும் போக வேண்டும். சாலையை மூடுவதற்குள் போயாக வேண்டும். வடக்கு டகோட்டாவில் ஜனவரி மாதம் சாயங்காலம் என்று ஒன்று கிடையாது. பகல் முடிந்தால் இருட்டுதான். வெளியே காற்று தகரச் சுவரைப் பிடித்து உலுக்கியது. வெளிச்சம் பட்டால் உருளைக்கிழங்கு பச்சையாகிவிடும் என்பதால் அந்தக் கிடங்கில் ஜன்னலே இல்லை. அலுவலகம் என்பதும் கிடங்குக்குள் தடுத்த சின்ன அறைதான். இடப்பக்கம் முற்றத்துக் கதவு. வலப்பக்கம் கிழங்கு அறைக்குப் போகும் கதவு. அதில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி. அவ்வளவுதான்.

சாவியெல்லாம் பழங்காலம் என்று முதலாளி பூட்டு, விளக்கு, காற்றாடி எல்லாவற்றையும் கணினியோடு இணைத்துவிட்டு அரிசோனா வெயிலுக்குப் போய்விட்டார். கணினியோ வர்னுடைய வண்டியைவிடப் பழையது. இன்று பூட்டைத் திறக்கும் பக்கத்தைத் திறந்தால், உங்கள் பிரவுசர் மிகவும் பழையது, புதுப்பித்துவிட்டு வாருங்கள் என்று ஒரு வரி வந்து நின்றது. எத்தனை முறை அழுத்தினாலும் அதே வரி.

வர்னுக்குப் போன் செய்தாள்.

"வர்ன், நான் உள்ள மாட்டிக்கிட்டேன். கதவு தெறக்க மாட்டேங்குது."

"நல்லதாப் போச்சு. இங்க என் பொண்டாட்டி பெக்கி ராத்திரிக்கு உருளைக்கிழங்கு வேகவெச்சிருக்கா. நாள் முழுக்க அதோட மூஞ்சியப் பாத்துட்டு வந்தவனுக்கு அதையே போடுறா பாரு. நீயாவது தப்பிச்ச."

"விளையாடாத, வர்ன். ரோட்ட மூடிருவாங்க."

"சரி சரி. பழைய மிஷினுக்குன்னே கடைசியா ஒரு பிரவுசர் விட்டிருக்கானுங்க. அத எறக்கிப் போடு. முடிஞ்சதும் ரீஸ்டார்ட் கேக்கும். குடு. அதுக்கு முன்னாடி கொக்கியப் பாத்துக்க, ஆர்டிஸ்."

அது எல்ராய்க்குப் பிறகு வந்த பழக்கம். கணினி நின்றால் காற்றாடிகள் நிற்கும். குவித்த கிழங்கும் மூச்சு விடும். காற்றாடி நின்று கதவும் அடைத்துவிட்டால் அந்த மூச்சிலேயே மனிதன் தூங்கிப்போவான், எழுந்திருக்க மாட்டான். இங்கே வேலை பார்த்த எல்ராய் அப்படித்தான் செத்துப்போனான். அன்றிலிருந்து, கொக்கியில் தொப்பி இருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது. யாரும் கணினியைத் தொடக்கூடாது.

"என் தொப்பியும் உன் தொப்பியும்தான் இருக்கு," என்றாள்.

"என் தொப்பியா? அது என் தலையில இருக்கு. சாப்பிடும்போது கழட்டுன்னு இவ கத்திட்டு இருக்கா."

"பச்சைத் தொப்பி. தூண்டில் நரம்பால தச்சது."

போனுக்குள் தட்டு வைக்கும் சத்தம் கேட்டது.

"ஆர்டிஸ், அத நான்தான் எல்ராய் தலையில வெச்சேன். பெட்டிய மூடுறதுக்கு முன்னாடி. நீயும் பக்கத்துல நின்ன."

போன் தொடர்பு அறுந்தது.

வர்ன் என்றைக்கு விளையாடாமல் இருந்தான்? காலையில் ஏதோ ஒரு பழைய தொப்பியை மாட்டிவிட்டுப் போயிருப்பான், இப்போது பெக்கியோடு சேர்ந்து சிரிப்பான். அப்படித்தான் தனக்குச் சொல்லிக்கொண்டாள். காற்றாடிகள் சுவருக்கு அப்பால் ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருந்தன. புதிய பிரவுசர் மெல்ல மெல்ல இறங்கியது. பச்சைக் கோடு நகர்வதும் தெரியவில்லை, நிற்பதும் தெரியவில்லை. அறைக் கதவின் அடியிலிருந்து ஈரமண் வாடை வந்தது, அதற்குள் ஏதோ இனிப்பாக அழுகிய வாடை.

கோடு நிரம்பியது. ரீஸ்டார்ட் கொடுத்தாள்.

திரையில் ஒரு சின்னக் கட்டம் எழுந்தது.

இந்தக் கணினியில் வேறொருவரும் இருக்கிறார். இப்போது நிறுத்தினால் அவருடைய வேலை அழிந்துவிடும். தொடரலாமா?

பழைய கணினி. பழைய கணினி என்னென்னவோ கேட்கும். ஆனாலும் அவள் எழுந்துபோய்க் கண்ணாடியில் முகத்தை ஒட்டி உள்ளே பார்த்தாள். இருட்டு. "யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டாள். காற்றாடிச் சத்தம் மட்டும்.

பச்சைத் தொப்பியைக் கொக்கியிலிருந்து எடுத்தாள். ஈரம்தான், ஆனால் உள்பக்கம் வெதுவெதுப்பாக இருந்தது, இப்போதுதான் யாரோ கழற்றியதுபோல. மேசை இழுப்பறைக்குள் திணித்து மூடினாள். திரும்பிப் பார்க்காமல், ஆம் என்பதை அழுத்தினாள்.

திரை கறுத்தது. விளக்கு அணைந்தது. காற்றாடிகள் ஒவ்வொன்றாக இளைத்து, இழுத்து, நின்றன. அந்த அமைதியில், எங்கோ ஒரு கிழங்கு உருண்டது. இன்னொன்று.

பிறகு பூட்டு விடுபடும் சத்தம். டக்.

கதவு! அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. எத்தனையோ வருடம் உட்கார்ந்த அறை, கண் எதற்கு? இடப்பக்கச் சுவரைத் தடவிக்கொண்டே போனாள். மேசை முனை. அலமாரி. கதவு. தள்ளினாள். திறந்தது. வெளியே காலை வைத்தாள்.

குளிரவில்லை.

காற்று இல்லை. பனி இல்லை. வெதுவெதுப்பு. ஈரமண். காலடியில் ஏதோ உருண்டையாக நழுவியது.

முதுகுக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது. திரும்பித் தடவினாள். கைப்பிடி இல்லை. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி மட்டும்.

அலுவலகத்தில் விளக்கு எரிந்தது. காற்றாடிகள் மறுபடி சுழலத் தொடங்கின. கண்ணாடியில் முகத்தை ஒட்டினாள்.

அவள் நாற்காலியில் ஒருவன். பச்சைத் தொப்பி. திரையில் சின்னக் கட்டம்.

தட்டினாள். கத்தினாள்.

அவன் எழுந்து வந்தான். கண்ணாடியில் கண்ணை வைத்து உள்ளே பார்த்தான். அவள் மூச்சு பட்ட கண்ணாடியில்தான் அவன் கண் இருந்தது. ஆனால் அந்தக் கண் அவளைப் பார்க்கவில்லை, இருட்டைப் பார்த்தது. "யாராவது இருக்கீங்களா?" என்று அவன் உதடு அசைந்தது.

பிறகு கையை நீட்டி, கொக்கியிலிருந்து சிவப்புத் தொப்பியை எடுத்தான். இழுப்பறைக்குள் வைத்து மூடினான்.

கொக்கி காலியாக இருந்தது.

அவன் உட்கார்ந்து, மவுஸை மெல்ல நகர்த்தினான்.

முதல் காற்றாடி நின்றது.