தலையாட்டினால் கடத்தல்!

"ஐயோ... கடத்திட்டாங்க சார்! கடத்திட்டாங்க!"

கிருஷ்ணராஜ் போனில் போட்ட கூச்சலில், மறுமுனையில் பொலிஸ் சார்ஜன் ஸியாமின் கையிலிருந்த பிளேன்டிக் கோப்பை தளும்பியது.

"பதறாதீங்க. யார கடத்துனாங்க?"

"என் உசுர சார்!"

"வயசு?"

"எட்டு மாசம்!"

"யா அல்லாஹ்... கைப்புள்ளயா?" சார்ஜன் பேனாவை எடுத்தார். "நெறம்?"

"கறுப்பு சார். மினுமினுன்னு கறுப்பு!"

"கடைசியா எங்க பாத்தீங்க?"

"என் தலையில சார்!"

பேனா நின்றது.

"தலையிலயா?"

"ஹெட்செட் சார்! ரெண்டு காதயும் மூடுற பெரிய ஹெட்செட். பாட்டு கேட்டுக்கிட்டே தூங்கிட்டேன். முழிச்சா காது மொட்டையா கெடக்கு! கூட இருந்த டாக்கையும் தூக்கிட்டானுங்க!"

"நாயையுமா?"

"நாய் இல்ல சார், டாக்! போனுக்கும் ஹெட்செட்டுக்கும் நடுவுல மாட்டுற சின்னப் பொட்டி... கன்வேட்டர். போன் சத்தம் தனியா கேட்டா சப்புன்னு இருக்கும். இத சார்ஜ் ஓட்டையில குத்துனா, பாட்டுக்காரி எச்சி முழுங்குறது கூட கேக்கும்!"

"அத எதுக்குங்க கேக்கணும்?"

கிருஷ்ணராஜிடம் இதற்குப் பதில் இருந்தது. அரைமணி நேரப் பதில்! சார்ஜன் முந்திக்கொண்டார்.

"வேற ஏதாச்சும் காணலயா? வீட்ட நல்லா பாத்துச் சொல்லுங்க."

கிருஷ்ணராஜ் கண்ணைச் சுழற்றினான். டீவி இருந்தது. காஸ் சிலிண்டர் இருந்தது. மூலையில் குடைகூட இருந்தது.

"வேற ஒண்ணுமே காணாம போகல சார். எல்லாம் இருக்கு!"

இந்த வரியைக் கொஞ்சம் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள், கண்ணுங்களா. அப்புறம் தேவைப்படும்.

போனை வைத்தான். மூன்றாவது காம்பராவில் யாரோ இருமினார்கள். சிரிப்பை விழுங்கிய இருமல்!

நமுனுகுல தேயிலைத் தோட்டத்துப் பணிய லயம் அது: மலையடியில் வரிசையாய் ஒட்டிய ஒற்றையறை வீடுகள், ஒவ்வொன்றும் ஒரு காம்பரா. லயத்தில் காம்பராவுக்குக் காம்பரா சுவர் உண்டு. ஆனால் எந்தச் சுவரும் கூரைவரை போகாது. இங்கே தும்மினால் கடைசிக் காம்பராவில் "நூறு வயசு!" என்பார்கள். அப்படிப்பட்ட லயத்தில் ஒரு கடத்தல்... யாருக்கும் தெரியாமலா?

டிங்!

வட்ஸ்அப்பில் குரல் பதிவு. தெரியாத நம்பர்!

கிருஷ்ணராஜ் போனில் பழைய இயர்போனைக் குத்தினான். இடது காது மட்டும் வேலை செய்யும் இயர்போன். வாயில் துணியைப் பொத்திக்கொண்டு யாரோ பேசினார்கள். கரகரவென்ற குரல்!

"டேய் கிருஷ்ணராஜ்! ஹெட்செட் எங்க கையில! நேத்து ஒன் பொஞ்சாதி ஒங்கிட்ட மூணு தடவ ஒண்ணு கேட்டா. என்ன கேட்டான்னு சரியா சொல்லு. பின்நேர பஸ் வாறதுக்குள்ள சொல்லல... ரெண்டும் ஒனக்கு இல்ல!"

"ரெண்டுமா!" கிருஷ்ணராஜ் நெஞ்சைப் பிடித்தான். "ஹெட்செட் ஒண்ணு... டாக்கு ஒண்ணு... ஐயோ!"

மறுபடி கேட்டான். குரலுக்குப் பின்னால் மெல்லிய ஒரு சத்தம். சிக்... சிக்... சிக்-சிக்... தையல் மெஷினா? ரயிலா? ஒரு காதில் எதைப் பிடிப்பது!

சரி, பெண்டாட்டியையே கேட்டுவிட்டால் போச்சு!

"நிரஞ்சலா!"

பதில் இல்லை.

"ஏய் நிரஞ்சலா! நேத்து என்னாடி கேட்ட?"

போன் போட்டுப் பார்த்தான். அவள் போனும் ஆஃப்.

"இந்த நேரம் பாத்து பீலிக்குத் தண்ணிக்குப் போயிட்டா!" என்று சலித்துக்கொண்டு, பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்துக் கத்தினான். "வடிவம்மாக்கா! நேத்து எங்க வீட்டுல என்னா பேச்சு கேட்டிச்சு?"

"ஒன் பொஞ்சாதி பேச்சு கேட்டிச்சு தம்பி. ஒன் பேச்சு ஒண்ணும் கேக்கல."

"அவ என்னா பேசுனா?"

"அட, என்னய்யா இது! ஒன் வீட்டுல பேசுனத எங்கிட்ட கேக்குற?"

மூன்றாவது காம்பராவில் இப்போது இருமல் இல்லை. பச்சைச் சிரிப்பு!

கிருஷ்ணராஜுக்கு ஒரே ஒரு வழிதான் இருந்தது. பதுளையில் அந்த ஹெட்செட்டை விற்ற பவாஸ்! குரல் பதிவை அவனுக்கு அனுப்பினான். பவாஸ் கடையிலிருந்த நல்ல டாக்கில் மாட்டிக் கேட்டுவிட்டு உடனே போன் போட்டான்.

"மச்சான்... அந்த சிக் சிக் சத்தம் என்னான்னு தெரியுமா?"

"சொல்லுடா!"

"ஒன் ஹெட்செட்டு! பின்பக்கம் தொறந்த மாடல்னு விக்கிறப்பவே சொன்னேன்ல. உள்ள பாடுறது வெளியவும் ஒழுகும்."

"அப்பன்னா..."

"அப்பன்னா, இத பதியுறப்போ ஹெட்செட்டு பாடிக்கிட்டு இருந்திருக்கு. யாரு தலையில?"

"என் தலையிலதான்... பாடுறப்ப அது வேற எங்கயும் இருக்காதே..." கிருஷ்ணராஜ் தலையைத் தடவினான். "கடத்தல்காரன் என் பக்கத்துலயே உக்காந்தா பேசியிருக்கான்? நான் முழிச்சிக்கிட்டு இருக்கிறப்பவே?"

"ஒன் பக்கத்துல உக்காருற ஆள் யாரு மச்சான்?"

மலையே இறங்கி மடியில் உட்கார்ந்தது போலிருந்தது.

"டேய்... அந்த ஹெட்செட்டு காத அடைச்சிருச்சுடா. அதான் அவ பேசுனது கேக்கல!"

"பொய்யி! தொறந்த மாடல்ல வெளிச்சத்தம் நல்லாவே கேக்கும். ஹெட்செட்டு மேல பழி போடாத. அதுக்கு வாரண்டி இருக்கு. ஒன் காதுக்குத்தான் இல்ல!"

குசினிக்கு ஓடினான். அடுப்பு ஆறிக் கிடந்தது. ஆணியில் அவள் தோள்பை இல்லை!

"கண்டுபுடிச்சிட்டியா தம்பி?" சுவருக்கு மேலிருந்து வடிவம்மாவின் குரல் இறங்கியது. "புது சிம்மு ஒண்ண போட்டுக்கிட்டு, அந்த கரகரக் கொரல அவ நேத்து ராத்திரி நாலு தடவ பழகிப் பாத்தா. லயமே கேட்டிச்சு. நீ பக்கத்துல உக்காந்து தலைய ஆட்டிக்கிட்டு இருந்த!"

"அவ என்னா கேட்டாக்கா? சொல்லுக்கா, காலுல விழுறேன்!"

"எல்ல டவுனுல ஓட்டல் வேல கெடச்சிருக்கு அவளுக்கு. அங்கயே தங்கணும். வாரத்துல ஒரு நாளுதான் வீடு. போகவா, வேணாமான்னு மூணு தடவ கேட்டா. மூணு தடவயும் நீ ஆமா ஆமான்னு தலையாட்டுன."

"ஐயோ, நான் தாளத்துக்கு ஆட்டுனேன்க்கா!"

"அது அவளுக்கும் தெரிஞ்சிருச்சு. அதான் இப்படி ஒரு பரீட்ச. காலையில இருந்து என் காம்பராவுலதான் உக்காந்திருந்தா... நீ வந்து தேடுவேன்னு. நீ பொலிசுக்கு 'வேற ஒண்ணும் காணாம போகல'ன்னு சொன்ன பாரு... அப்பதான் பைய தூக்குனா."

ரெண்டும் ஒனக்கு இல்ல!

அந்த இரண்டில் ஒன்று டாக் இல்லை என்று இப்போது அவனுக்குப் புரிந்தது.

ரோட்டில் பஸ் ஹோர்ன் அடித்தது.

தேயிலைக்கு நடுவே குறுக்கு வழியில் விழுந்து எழும்பி ஓடினான். ஒரு செருப்பு கான் தண்ணீரோடு போனது. மற்றதை அவனே உதறினான். எல்ல பஸ்சில் கோவா மரக்கறி மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஜன்னலோரம் நிரஞ்சலா! முந்தானையைத் தலைக்குப் போட்டிருந்தாள்.

"நிரஞ்சலா! தப்பு என்னோடது! நீ போகணும்னா போ... நான் சோறாக்கிக்கிறேன். ஆனா நெசமா கேளு, எனக்கு நீ போறது புடிக்கல. எட்டு மாசமா யார் யாரோ மூச்சு விடுறத கேட்டேன். ஒன்ன கேக்கல. மன்னிச்சிருவியா?"

அவள் தலையாட்டினாள்!

"நெசமாவா?"

மறுபடி தலையாட்டினாள்.

"அப்ப எறங்கி வாறியா?"

இன்னும் அழகாகத் தலையாட்டினாள்!

கிருஷ்ணராஜ் இரண்டு கையையும் விரித்தான்.

பஸ் புறப்பட்டது.

காற்றில் முந்தானை நழுவியது. காதில்... கறுப்பாய்... மினுமினுவென்று...

ஹெட்செட்! வளைவில் மறையும்வரை அந்தத் தலை ஆடிக்கொண்டே போனது. தாளம் தப்பாமல்!

டிங்!

நிரஞ்சலாவின் குரல் பதிவு.

"என்னமோ வாய அசைச்சீங்க. எனக்கு ஒண்ணும் கேக்கல. அது நெசந்தாங்க... பாட்டுக்காரி எச்சி முழுங்குறது கூட கேக்குது! ஞாயித்துக்கிழம வருவேன். சொல்ல ஏதாச்சும் இருந்தா அப்ப சொல்லுங்க. சட்டியில சோறு இருக்கு."

கிருஷ்ணராஜ் ஒற்றைக் காதில் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டான். திடீரென்று முகம் மலர்ந்தது. திறந்த மாடல்! வெளிச்சத்தம் நல்லாவே கேட்குமே!

போன் மறுபடி அலறியது. சார்ஜன் ஸியாம்!

"என்ன தம்பி, ஹெட்செட் கெடச்சிச்சா?"

"அது பத்திரமா இருக்கு சார். என் பொஞ்சாதியத்தான் காணல."

"அடப் பாவமே! எப்ப இருந்து?"

"அந்த ஹெட்செட் வாங்குன நாள்ல இருந்து சார்... எட்டு மாசமா!"