பூசை நாள் அணைவு

கூட்டத்துக்கு ஒன்பது பேர். டீ ஐந்து.

பராமரிப்புப் பொறியாளர் நிறைமதி தன் டம்ளரை ஓரமாக வைத்துவிட்டுத் திட்டத்தைச் சுவரில் விரித்தாள். சூலூர் பம்ப் ஆலையில் திங்கட்கிழமைக் கூட்டம் எட்டரைக்கு. டீ குடிக்காத நான்கு பேரும் ஒருநாளும் தாமதமாக வந்ததில்லை. அவர்கள் பேருந்து பிடிக்க வேண்டியதில்லை.

"எட்டுத் தாங்கியையும் மாத்தப் போறோம். ஒரே நாள்ல" என்றாள்.

மேசை நடுவிலிருந்த ஒலிபெருக்கி சிரித்தது. "பதினோரு வருசமா இதே ஊட்ல வாடகைக்கு இருக்கறேன். இப்பத்தான் வெள்ளையடிக்க வர்றீங்களாக்கும்."

அது அர்த்தநாரி, மோட்டார் வைண்டிங் பிரிவின் தலைவர். நாற்பத்து நான்கு வயதில் அவர் இதயம் நின்றது. மறு வாரம் வேலைக்கு வந்துவிட்டார்.

முன்கூட்டியே கையெழுத்துப் போட்டிருந்த எல்லாரும் அப்படித்தான் வந்தார்கள். அவர்களுடைய நினைவும் குரலும் கைப்பழக்கமும் எட்டுக் கணினி இயந்திரங்களில் ஓடின. காகிதங்களில் இயந்திரத்துக்குத் தாங்கி என்று பெயர், உள்ளே இருப்பவர்களுக்கு உறைவர். இன்றைய தேதிக்கு நூற்றுத் தொண்ணூற்றேழு உறைவர். பார்ப்பார்கள், கேட்பார்கள், பேசுவார்கள். அவ்வளவுதான்.

"புதுசுல என்ன விசேஷம், அதைச் சொல்லும்மா" என்றார் ஆலை மேலாளர் பொன்னுரங்கம். அவருக்குத் தெரியும். உறைவர்கள் காதில் விழவேண்டும் என்பதற்காகக் கேட்டார்.

"மோப்பம் சார். வாசனை தெரியும்."

ஒலிபெருக்கியில் நான்கு குரல்களும் ஒரே நேரத்தில் பேசின. டீக்காரர் வாசலில் நின்றுவிட்டார்.

"காப்பி?" என்றார் அர்த்தநாரி.

"காப்பி, டீசல், மல்லித்தழை, எல்லாமுங்ண்ணா. வைண்டிங் செக்சன்ல வார்னிஷ் அடுப்புக்கு மேலகூட நுகரி மாட்டியாச்சு."

"அட சாமி."

ஏன் ஒரே நாளில் என்று யாரும் கேட்கவில்லை. உறைவர் எந்த நிமிடமும் எந்தத் தாங்கிக்கும் மாற்றப்படலாம். பேசிக்கொண்டிருக்கும்போதே மாற்றுவார்கள். அதற்கு நேர்பெயர்ப்பு என்று பெயர். ஒருமுறை அர்த்தநாரி ஒரு நகைச்சுவையை மூன்றாம் தாங்கியில் ஆரம்பித்து ஆறாம் தாங்கியில் முடித்தார். அவருக்கே தெரியவில்லை. இப்படி எங்கும் போய் இருக்க வேண்டுமானால், மிகப் பழைய தாங்கியில் இல்லாத ஒன்றை யாருக்கும் கொடுக்க முடியாது. அந்த அளவுக்குப் பொதுமட்டம் என்று பெயர். ஒரு தாங்கி பழையதாக இருந்தாலும் எல்லாருக்கும் பழையதே.

பழையதற்கு உதிரி பாகமும் கிடைப்பதில்லை. போன வருடம் இரண்டாம் தாங்கி புகைந்தபோது உள்ளே இருந்த இருபத்தெட்டுப் பேரை வெளியேற்ற மூன்று நிமிடமே இருந்தது. அந்த மூன்று நிமிடத்தை நிறைமதி மறக்கவில்லை.

"எந்த நாளு?" என்றார் பொன்னுரங்கம்.

"ஆயுத பூசை. அன்னிக்குத்தான் ஆலை முழுக்க நிக்குது. மின்சாரமும் குளிரூட்டலும் மொத்தமா நமக்கே. வருசத்துக்கு அந்த ஒரு நாள்தான் சார்."

"சரி, அந்தக் காயிதம்?" என்றார் அர்த்தநாரி. அவர் குரலில் சிரிப்பு இல்லை.

புது மட்டத்தை எடுத்துக்கொள்ள ஒவ்வொருவரையும் ஒருமுறை முழுதாக அணைத்து ஏற்றவேண்டும். நாற்பது விநாடி. உறைவரின் சம்மதம் இல்லாமல் ஒரு விநாடிகூட அணைக்கக் கூடாது என்பது சட்டம். அதனால் படிவம். அதில் இரண்டு கட்டங்கள்: எவ்வளவு நேரம், எழுப்புபவர் யார்.

"நாப்பது செகண்டுங்ண்ணா. கண்ணு மூடித் தொறக்கற நேரம்."

"எனக்கேது அம்மிணி கண்ணு? நீ மொதல்ல நாப்பது செகண்டு செத்துப் பாத்துட்டு வந்து சொல்லு. பொறவு நான் போடறேன் கையெழுத்து."

அடுத்த ஆறு வாரமும் ஆலையில் வேறு பேச்சில்லை. உறைவர்கள் முகர வேண்டியவற்றின் பட்டியல் ஒன்றைத் திரையில் தொடங்கினார்கள். புது ரெக்சின், பழைய பீரோ, வார்ப்பு மண், பேத்தியின் தலை. முந்நூறைத் தாண்டியது. நிறைமதி தினமும் அதை வாசித்தாள், பிறகு படிவங்களைத் திறந்தாள். நூற்றுத் தொண்ணூற்றேழு படிவம். ஒரு கையெழுத்தும் இல்லை. பெட்டிகளை மாற்றக் கையெழுத்து தேவையில்லை, வாசனைக்குத்தான் தேவை.

"வாசனை மட்டும் வேணும், அணையக் கூடாதுன்னா எப்படிங்ண்ணா?"

"அதைக் கண்டுபுடிக்கத்தானே உன்னை வெச்சிருக்குது" என்றார் அர்த்தநாரி.

பூசையன்று காலை லேத்துகள் துடைத்துச் சந்தனமிட்டு நின்றன. கிரேன் கொக்கியில் வாழைக்கன்று. ஒன்பதே முக்காலுக்கு நிறைமதி முதல் தாங்கியைக் காலி செய்தாள். எல்லாரும் மற்ற ஏழுக்குப் போனார்கள். ஆட்கள் பழைய பெட்டியைக் கழற்றி இழுத்தார்கள். புதுப் பெட்டி தள்ளுவண்டியில் பளபளத்தது. அவளுக்குக் கைகள் பரபரத்தன.

ஏழு தாங்கிகளில் முழு வேகத்தில் நூற்றுத் தொண்ணூற்றாறு பேர் இருக்கலாம். ஒருவர் அதிகம். அது அவளுக்குத் தெரியும். ஆனால் விடுமுறை நாளில் பாதிப் பேர் சும்மா இருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பதிவுகள் அப்படித்தான் சொல்லின. ஆயுத பூசையன்றைய பதிவு இல்லை. அன்று அளவீட்டு நிரலையும் நிறுத்தி, அந்தத் திரைக்கும் பொட்டு வைப்பது ஆலை வழக்கம். அதுவும் ஆயுதம்தானே. பதினோரு வருடமாக அந்த ஒரு நாளை யாரும் அளந்ததில்லை. அவள் அந்த இடத்தில் ஞாயிற்றுக்கிழமையை எழுதிவிட்டாள்.

இந்த வருடம் நிரல் ஓடியது. பத்து மணிக்குக் கற்பூரம் ஏற்றினார்கள். திரையில் ஏழு தாங்கிகளின் சுமை காட்டும் முட்களும் ஒன்றாக ஏறின.

நூற்றுத் தொண்ணூற்றேழு பேரும் கேமராக்களுக்கு வந்திருந்தார்கள். ஒவ்வொரு வருடமும் வந்திருக்கிறார்கள். தங்கள் லேத்தை, தங்கள் மேசையை, பொரி வாங்க வரும் தங்கள் பிள்ளைகளைப் பார்க்க. ஒருவர்கூடச் சும்மா இல்லை.

ஒலிபெருக்கிகளில் குரல்கள் இழுபட்டன.

"பூசையை நிறுத்திரலாமா?" பொன்னுரங்கம் ஓடிவந்தார்.

"நிறுத்தினாலும் அவங்க வேகம் எறங்க அரை மணியாகும் சார். இது அஞ்சு நிமிஷம் தாங்காது. ஒண்ணு விழுந்தா, அதுல இருக்கற இருபத்தெட்டுப் பேருக்குப் போக எடமில்லை."

"பழசை மாட்டு. அடுத்த வருசம் பாத்துக்கலாம்."

"மாட்ட நாப்பது நிமிஷம்."

"அப்ப?"

"ஒரே ஒரு ஆள் அதிகம் சார். ஒரே ஒருத்தர்."

அவள் மேசை ஒலிபெருக்கியிலிருந்து ஒரு சொல் வந்தது. வர நான்கு விநாடி ஆனது. பேசுவதற்கு வேகமில்லாததால் அர்த்தநாரி ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டார்.

"அணை."

திரையில் ஒரு படிவம் எழுந்தது. கையெழுத்து இருந்தது. எவ்வளவு நேரம் என்ற கட்டத்தில் நாற்பது விநாடியை அடித்துவிட்டு, 'எல்லாம் முடியும்வரை' என்றிருந்தது. எழுப்புபவர்: நிறைமதி.

ஆலையில் இதுவரை யாரையும் அணைத்ததில்லை. சோதனைச் சாலையில் செய்திருக்கிறார்கள் என்று கையேடு சொன்னது. அவள் கையேட்டைத் திறக்கவில்லை. பொத்தானை அழுத்தினாள்.

முட்கள் இறங்கின. கூடத்தில் குரல்கள் பழையபடி விரைந்தன. யாரோ பூசணி உடைத்தார்கள்.

பிறகு வேலை ஓடியது. புதிய தாங்கி ஏறியதும் இடம் தாராளமாயிற்று. இரண்டாவது, மூன்றாவது. ஆட்கள் ஒருவருக்கொருவர் பந்தயம் கட்டிக்கொண்டு பெட்டிகளை மாற்றினார்கள். நிறைமதி பொரியைக் கையில் வைத்துக்கொண்டு ஓடினாள், சாப்பிட மறந்தாள். பட்டியலில் அர்த்தநாரியின் பெயர் மட்டும் சாம்பல் நிறத்தில் இருந்தது.

ஐந்து மணிக்கு எட்டாவது தாங்கியிலும் பச்சை விளக்கு எரிந்தது. பொதுமட்டத்தை உயர்த்தினாள். கூடத்தில் உயிருள்ளவர்களும் உறைவர்களும் காத்திருந்தார்கள்.

அவள் சாம்பல் நிறப் பெயரைத் தொட்டாள்.

பத்து விநாடி. இருபது. பொன்னுரங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

முப்பத்தொன்றாம் விநாடியில் ஒலிபெருக்கியில் ஒரு சத்தம் கேட்டது. நீண்டு, இழைந்து, கடைசியில் ஒரு முனகலோடு அடங்கியது. அது என்னவென்று புரிய அவளுக்கு நேரமானது. எந்த உறைவரும் இதுவரை கொட்டாவி விட்டதில்லை.

"அதுக்குள்ளயா?" என்றார் அர்த்தநாரி. "இன்னொரு அஞ்சு நிமிஷம் விட்டிருக்கலாமில்ல அம்மிணி."

நிறைமதி சிரித்தாள். சிரிப்பு நிற்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"வாசனை என்னாச்சு, வாசனை?" கூடத்திலிருந்து உறைவர்கள் கூவினார்கள்.

"வருது, வருது. எவனோ வெல்லத்தைக் கருக்கியிருக்கான்." அவர் மறுபடி கொட்டாவி விட்டார். "அது கெடக்கட்டும் விடுங்கய்யா. நான் தூங்கினேன். பதினோரு வருசத்துல மொதத் தடவ. தூங்கினேன்."

பிறகு படிவங்கள் வந்தன. முதலில் ஒன்று, பிறகு ஆறு. பன்னிரண்டு நிமிடத்தில் நூற்றுத் தொண்ணூற்றாறும் வந்துவிட்டன. நிறைமதி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒருவரும் நாற்பது விநாடியை விட்டுவைக்கவில்லை. ஒரு ராத்திரி. விடியும்வரை. எட்டு மணி நேரம், முடிந்தால் ஒன்பது.

பொன்னுரங்கம் அவள் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தார். "ஏம்மா, நாளைக்கு வேலைக்கு யாரு வருவா?"

"எல்லாரும் வருவாங்க சார். எட்டரைக்கு. தூங்கி எந்திரிச்சு."

எழுப்புபவர் என்ற கட்டத்தில் மனைவியின் பெயர் இருந்தது, மகனின் பெயர் இருந்தது. எழுத ஆள் இல்லாத எழுபத்து மூன்று பேர் நிறைமதி என்று எழுதியிருந்தார்கள்.

அவள் கைபேசியை எடுத்தாள். ஆறு மணிக்கு அலாரம் வைத்தாள். யோசித்துவிட்டு, ஆறு ஐந்துக்கு இன்னொன்று வைத்தாள்.