கேட்காமல் பரவிய மருந்து

தன் மருந்து எங்கெல்லாம் பரவியிருக்கிறது என்று காட்டும் பரவல்காட்டியின் திரையில் உலகமே பச்சையாக இருந்தது. கடலோரத்தில் ஒரு சிற்றூர் மட்டும் சிவப்பு. கோதைநாயகிக்கு அது கண்ணில் விழுந்த தூசியாய் உறுத்தியது.

அவள் செய்தது சாமானிய மருந்தா என்ன! நாடு நாடாக மக்கள் தடுப்பூசியை ஒதுக்க, தட்டம்மை திரும்பி வந்து பிள்ளைகளை வாரிக்கொண்டு போனது. கெஞ்சியும் மிரட்டியும் ஓய்ந்துபோன அரசுகளுக்கு அவள் தந்ததுதான் பரவுமருந்து. ஒரு பிள்ளைக்குக் கொடுத்தால் போதும். உடம்பில் லேசாகத் தடிப்பு எழும். அதன்பின் அந்தப் பிள்ளையின் மூச்சு பட்டவர்களுக்கெல்லாம் நோய்த்தடுப்பு தானாக ஒட்டிக்கொள்ளும். யாரையும் கேட்க வேண்டாம், யாரோடும் மல்லுக்கட்ட வேண்டாம். மூளை என்றால் அதுவல்லவா மூளை!

அது அந்த ஊரில் மட்டும் ஏன் படுத்துக்கொண்டது? பக்கத்துத் துறைமுகத்தில் நிஜ அம்மை இறங்கிவிட்டதாகச் செய்தி வந்ததும், அவளே புறப்பட்டு வந்தாள். தெருவில் கால் வைத்ததுமே விஷயம் விளங்கிவிட்டது. தடிப்பு கண்ட வீடுகளில் வாசலில் வேப்பிலை செருகி, கதவைச் சாத்தியிருந்தார்கள்.

"உள்ள வராதீங்க, ஆத்தா வந்திருக்கா," என்றாள் ஜன்னலுக்குப் பின்னால் மகனோடு நின்ற செங்கமலம். "எதுத்த வீட்டு ஜெசிந்தாவுக்குக் கைக்குழந்தை இருக்கு. இவனுக்குத் தண்ணி ஊத்துற வரைக்கும் நாங்க படி தாண்ட மாட்டோம்."

ஊசிக்கு முரண்டு பிடித்த ஊர், எதிர் வீட்டுக் குழந்தைக்காக வேலைவெட்டியை விட்டு அடைந்து கிடக்கிறது! கோதைக்கு மனசு நெகிழ்ந்துவிட்டது.

"இது அம்மை இல்லம்மா, நான் செஞ்ச மருந்து. உங்க பையன் வெளிய போய் விளையாடினாத்தான் அந்தக் குழந்தைக்கும் ஒட்டும். நிஜ அம்மை துறைமுகம் வரைக்கும் வந்துடுச்சு."

செங்கமலம் மகனின் கையிலிருந்த தடிப்பைத் தடவிப் பார்த்தாள்.

"ஊசி வேணாம்னு ஊரே சொன்னோம்ல?"

"சொன்னீங்க."

"அதனால கேக்காமலே குடுத்துட்டீங்க."

கோதைக்கு வெட்கமாக இருந்தது.

கதவு திறந்தது. மகனை இடுப்பில் தூக்கிக்கொண்டு செங்கமலம் வாசற்படிக்கு உள்ளேயே நின்றாள். "எம்புள்ளைக்கு நடந்தது நடந்துபோச்சு. நீங்க சொல்றது நெசம்னா அந்தக் குழந்தை பொழைக்கணும். போய் ஜெசிந்தாகிட்ட சொல்லுங்க. அவ சரின்னா இப்பவே தூக்கிட்டு வரேன். அவளக் கேக்காம வர மாட்டேன்."

யாரையும் கேட்கத் தேவையில்லாத மருந்துக்காகப் பாதி ஆயுளைச் செலவழித்தவள், தெருவைக் கடந்துபோய் எதிர் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்த ஜெசிந்தா, "யாருங்க, என்ன வேணும்?" என்றாள்.

எப்படிக் கேட்பது என்று கோதைக்குத் தெரியவில்லை.