கணக்குக் கேட்ட கடிகாரம்

பெனிஸ்டன் அண்ணன் தனியாளாக உருவாக்கிய கடிகாரச் செயலியை உலகம் முழுவதும் நாற்பத்து மூன்று பேர் பயன்படுத்தினார்கள். நாற்பத்து மூன்று பேரும் அவருடைய தெருவிலேயே இருந்தார்கள்.

அதன் அலாரம் கப்பல் சங்கு போல ஊதும். ஒருநாள் அதைக் கேட்டு, துறைமுகத்துக்கு வந்த கப்பல் ஒன்று எங்கள் தெருப் பக்கம் திரும்பிவிட்டது. தெரு குறுகலாக இருந்ததால்தான் உள்ளே வரவில்லை.

அந்தச் சத்தத்திலும் பர்னபாஸ் மாமா தூங்கினார். காலை நாலு மணிக்கு எழுந்து வள்ளத்தில் மீன்பிடிக்கப் போக வேண்டியவர் அவர்.

“ஏலே பெனிஸ்டன், என் கை தானாப் போய் அலாரத்த அமத்திருது. அமத்த முடியாதபடி ஒண்ணு செய்யிலே.”

பெனிஸ்டன் அண்ணன் மூன்று நாள் உட்கார்ந்து ஒரு அப்டேட் செய்தார். இனி ஒரு கணக்குக்கு விடை சொன்னால்தான் சங்கு நிற்கும்.

மறுநாள் நாலு மணிக்கு நாற்பத்து மூன்று சங்குகளும் ஊதின.

“ஏளா பிளாரன்ஸ்! ஏழெட்டு எவ்வளவு?” என்று பர்னபாஸ் மாமா சன்னல் வழியாகக் கத்தினார்.

“ஐம்பத்தாறு, மாமா!”

“ஏளா, ஒம்பதாறு?” இது எதிர்வீட்டுச் செல்வதுரை அண்ணாச்சி.

“ஐம்பத்து நாலு!”

பத்து வயது பிளாரன்ஸ் செய்த ஒரே தப்பு, வாய்ப்பாட்டுப் போட்டியில் முதல் பரிசு வாங்கியதுதான்.

தினமும் இதே கதை. பாவம், அவளுக்குத் தூக்கமே இல்லை. வகுப்பில், “தவளைக்கு எத்தனை கால்?” என்று டீச்சர் கேட்டபோது, கண்ணை மூடியபடியே “நாற்பத்திரண்டு” என்றாள்.

செல்வதுரை அண்ணாச்சி கோபத்தில் போனைக் கடலில் எறிந்தார். மறுநாள் அவர் வலையில் மாட்டிய மீனின் வயிற்றுக்குள் சங்கு ஊதியது. மீன் விடையை யோசிப்பது போலவே இருந்தது.

வியாழக்கிழமை மாலை தெருவே பெனிஸ்டன் அண்ணன் வாசலில் கூடியது.

“நாளைக்குள்ள மாத்தலேன்னா எல்லாரும் இத அழிச்சிருவோம்!” என்றார் பர்னபாஸ் மாமா.

பெனிஸ்டன் அண்ணனின் முகம் வாடியது. நாற்பத்து மூன்றில் நாற்பத்து மூன்று போனால் எவ்வளவு என்று அவருக்கும் தெரியும்.

“பழையபடி வச்சா நீங்க திரும்பத் தூங்கிருவீங்களே மாமா!”

அப்போது ஒரு காற்று வீசியது. பர்னபாஸ் மாமா சண்டையை நிறுத்தி, கன்னத்தைத் திருப்பிப் பார்த்தார். “கச்சான் போய்க் கொண்டல் வந்துட்டு,” என்றார். மேற்குக் காற்று போய்க் கிழக்குக் காற்று வந்துவிட்டதாம். பிறகு விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடர்ந்தார்.

பிளாரன்ஸ் பெனிஸ்டன் அண்ணனின் சட்டையை இழுத்தாள்.

“அண்ணே, கணக்குக்குப் பதிலா, இன்னைக்கு என்ன காத்துன்னு கேளுங்களேன்.”

“அத இவங்க படுத்துக்கிட்டே சொல்லிருவாங்களே!”

“உள்ள ஃபேன் காத்துதான வரும்? வாசலுக்கு வந்தாத்தான தெரியும்?”

“தப்பாச் சொன்னா?”

“சொல்லட்டுமே. அதுக்குள்ள முழிச்சிருவாங்கல்லா?”

பெனிஸ்டன் அண்ணன் உள்ளே ஓடினார். இரவுச் சாப்பாட்டுக்குள் புது அப்டேட் வந்துவிட்டது. சரியான விடையைப் போன் இணையத்தில் பார்த்துக்கொள்ளும்.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்குச் சங்குகள் ஊதின. நாற்பத்து மூன்று கதவுகள் திறந்தன. நாற்பத்து மூன்று மூக்குகள் வானத்தைப் பார்த்தன.

“கொண்டல்!”

சங்குகள் அடங்கின. வள்ளங்கள் நேரத்துக்குப் புறப்பட்டன. பிளாரன்ஸ் புரண்டுகூடப் படுக்கவில்லை. அன்று தவளைக்கும் நாலு கால்தான் இருந்தது.

மகிழ்ச்சியில் அவள் அம்மாவின் போனிலும் அந்தச் செயலியைப் போட்டாள். நாற்பத்து நாலாவது ஆளும் கிடைத்தாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை யாரும் கடலுக்குப் போகமாட்டார்கள். தெருவே அசந்து தூங்கியது. முதல் பூசைக்குப் போவதற்காக பிளாரன்ஸ் வைத்த அலாரம் மட்டும் ஐந்து மணிக்கு ஊதியது.

‘இன்று என்ன காற்று?’

வாசலுக்கு ஓடி வந்து மூக்கை நீட்டினாள். காற்று நன்றாகத்தான் வீசியது. பெயரைத்தான் சொல்லவில்லை.

பிளாரன்ஸ் மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டு கத்தினாள்.

“பர்னபாஸ் மாமா! இன்னைக்கு என்ன காத்து?”

நாற்பத்து மூன்று சன்னல்கள் திறந்தன.

“கொண்டல்ளா, கொண்டல்!”