வெள்ளைக் கல்

கருப்புக் கல் மறுபடியும் ஈரமாக இருந்தது.

குளியலறை ஜன்னலில் சவரக்கத்திக்குப் பக்கத்தில் மூன்று தீட்டுக்கற்கள். எல்லாம் கணவர் சின்னப்பராஜ் வைத்துவிட்டுப் போனவை. கத்தியின் வாய் முறிந்திருந்தால் கருப்பு. கூர் ஏற்றச் சிவப்பு. முகத்தில் வைக்கும் முன் கடைசியாக வெள்ளை. தொப்பூர் இறக்கத்தில் லாரி கவிழ்ந்து அவர் சவப்பெட்டியில் வந்த நாளிலிருந்து பாக்கியமேரி அவற்றைத் தொடவில்லை.

“மழைக்காலங்க அண்ணி,” என்றான் கொழுந்தன் டேவிட்ராஜ். “என் மூக்குகூடத்தான் ஈரமா இருக்குது.”

“மத்த ரெண்டும் காஞ்சி கெடக்குதே டேவிட்டு.”

அவன் டீயை ஊதிக்கொண்டே இருந்தான். அன்றைக்குப் பெட்டியைத் திறக்கவிடாமல் அவள் கையைப் பிடித்துக்கொண்டவன் அவன்தான். ‘மூஞ்சியப் பாக்க வேணாங்க அண்ணி. பழசையே நெனப்புல வெச்சிக்கங்க.’ அந்தப் பழசுதான் அவளுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக அழிந்துகொண்டிருந்தது. மூக்கு நினைவிருந்தது, தாடை போய்விட்டது. ஒரே ஒரு தடவை பார்த்தால் போதும்.

டேவிட் கிளம்பிப் போனதும் மழை வலுத்தது. கோயில் மணி ஓய்ந்த பிறகு, ஓட்டில் விழும் மழைச் சத்தத்துக்கு அடியில், சவரச் சோப்பின் வாசனையோடு அது கேட்டது: கரக், கரக்கென்று இழுத்து, நிறுத்தி, தடவிப் பார்த்து, மறுபடியும் தொடங்கும் சத்தம். கருப்புக் கல்லிலேயே தீட்டிக்கொண்டிருந்தார். எத்தனை நாள் தீட்டினாலும் அதில் முகத்துக்கான கூர் வராது. கண் தெரியாமல் துழாவி, கையில் பட்டதை எடுக்கிறார் என்று புரிந்தபோது, பயத்தை முந்திக்கொண்டு அழுகை வந்தது.

குளியலறைக் கதவைத் தள்ளினாள். கூடத்து வெளிச்சம் உள்ளே விழுந்தது. குந்தியிருந்த முதுகு. அவர் சட்டை.

“அது இல்லீங்க,” என்றாள். “அதுல தீட்டுனா மூஞ்சி கிழிஞ்சிரும்.”

வெள்ளைக் கல்லை நனைத்தாள். அவருடைய சில்லிட்ட விரல்களில் வைத்தாள். சத்தம் மெலிந்தது. பட்டு உரசுவதுபோல். நின்றது.

கத்தி அவளிடம் நீண்டது.

அவர் திரும்பினார். காதிலிருந்து காதுவரை நுரை. நுரைக்கடியில் தாடையின் வளைவு. அதேதான். அவளுக்குள் அழிந்துபோனதேதான்.

காதோரம் வைத்து மெல்ல இழுத்தாள். முடி அறுபட்டது.

வழித்த இடத்தில் கன்னம் இல்லை. பின்னாலிருந்த சுவரின் பச்சைப் பெயின்ட் தெரிந்தது.

கை நின்றது.

அவர் மறு கன்னத்தைத் திருப்பிக் காட்டினார்.